என் பெயரில் ஒரு பழைய கார்

அந்தக் கார் என் பெயரில் வந்ததற்கு ஒரே ஒரு எழுத்துதான் காரணம். என் கணவருடைய பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் பான் கார்டில் வேறு மாதிரியும் இருந்தது. திருத்தணியில் எங்களுக்குக் காரை விற்ற பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், காகித விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. வீட்டம்மா பேரில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். காட்டிய இடத்தில் எல்லாம் நான் கையெழுத்துப் போட்டேன்.

கார் என்னைவிட வயதில் மூத்தது. முன்விளக்குகளுக்கு மேலே இமை மாதிரி இரும்புப் பட்டை, உருண்ட மூக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் ஆந்திராவில் இருக்கும் நகரியில் விசைத்தறி மோட்டார்களைப் பழுது பார்க்கும் என் கணவருக்குப் பழைய இயந்திரம் எதுவானாலும் பைத்தியம். நான் அதே ஊரில் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் ஆசிரியை. அவருக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், படிக்க வராது. அதனால் காகித வேலை என் தலையில் விழுந்தது.

திருத்தணி எங்களுக்கு அரை மணி நேர தூரம். சேலை எடுக்கவும் கோயிலுக்கும் நினைத்தபோது போய் வருகிற ஊர். ஆனால் ஒரு கார் அங்கிருந்து நிரந்தரமாக இங்கே வர வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் தடையில்லாச் சான்று வாங்கி, போலீஸில் கேஸ் இல்லை என்று எழுதி வாங்கி, ஆந்திராவில் வரி கட்டி, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். பழக்கதோஷத்தில் முதலில் திருப்பதிக்குப் போனேன். மாவட்டம் பிரித்த பிறகு நகரி சித்தூரோடு போய்விட்டது, அங்கே போங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

சித்தூரில் பிரேக் இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர், மரியாதையானவர். பானெட்டைத் திறக்கச் சொல்லி, சேஸிஸ் நம்பர் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். காகிதத்தில் எண்கள் வெள்ளையாக எழும்பி வந்தன. ஆர்.சி. கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். கார்டில் எட்டு இருந்த இடத்தில் இரும்பில் மூன்று இருந்தது.

அதோடு விட்டிருந்தால் எழுத்துப் பிழை என்று நானும் தைரியமாக இருந்திருப்பேன். அவர் பின்னால் போய் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, விரலால் தரையைத் தட்டினார். உள்ளே காலியாக இருக்கும் சத்தம் கேட்டது. அசல் தரைக்கு மேல் இன்னொரு தகடு வைத்து நான்கு பக்கமும் வெல்டிங் செய்திருந்தது.

இது எப்போது போட்டது என்று அவர் தெலுங்கில் கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, வாங்கும்போதே இருந்தது என்றார். இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவில்லை. நம்பர் பொருந்தவில்லை, அடியில் அறை மாதிரி இருக்கிறது, போலீஸுக்குத் தெரிவிக்காமல் இருக்க முடியாது, வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். எங்கள் பக்கத்தில் அடியில் அறை வைத்த கார் என்றால் எல்லோருக்கும் ஒரே பொருள்தான், செம்மரக் கடத்தல்.

பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. மூன்று மாதமாகவே பாலசமுத்திரம் பக்கம் தறி வேலை இருக்கிறது என்று போய்க்கொண்டிருந்தார். அங்கே தறி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் லோடு அடிக்கப் போகிறேன் என்று கிளம்பினார். அவர் சிறைக்குப் போன பிறகுதான் என்ன லோடு என்று அவர் மனைவிக்கே தெரிந்தது. அந்த அம்மாவை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் கேலி செய்திருக்கிறேன், புருஷன் என்ன செய்கிறான் என்று தெரியாதா என்று.

மறுநாள் இரண்டாவது பீரியடில் போன் வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் இருந்து பேசுகிறோம், வண்டி ஓனர் நீங்கள்தானே, நாளைக் காலை பத்து மணிக்கு எல்லாக் காகிதத்தோடும் வரவேண்டும் என்றார்கள். சுண்ணக்கட்டி கையில் இருந்தது. போர்டில் பாதி எழுதிய கணக்கை முடிக்கத் தெரியாமல் நின்றேன். அரசு ஊழியர் கைதானால் சஸ்பெண்ட். அது எனக்கு நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளை யார் பார்த்துக்கொள்வது என்பது வரைக்கும் யோசனை போய்விட்டது.

மதிய இடைவேளையில் ஒரு தாள் எடுத்துத் தெலுங்கில் எழுதினேன். இந்தக் காரை வாங்கியவர் என் கணவர். ஓட்டுபவர் அவர். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். வண்டியில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பது எனக்குத் தெரியாது. கீழே பெயர் எழுதி, தேதி போட்டேன். தமிழில் எழுதியிருக்கலாம், அதிகாரிகளுக்காகத்தான் தெலுங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரால் படிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. தாளைப் பிளாஸ்டிக் ஃபைலில் மற்ற காகிதங்களுக்கு அடியில் சொருகினேன்.

காலையில் எஸ்.ஐ. எங்களை வண்டி நின்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் வளாகத்துக்கே கூட்டிப்போனார். கட்டர் மெஷினோடு ஒரு ஆள் வந்திருந்தார். ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். தகட்டில் இருந்து தீப்பொறி பறக்க ஆரம்பித்ததும் நான் பக்கத்தில் இருந்த ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் என்னிடம் இருந்து நாலு அடி தள்ளி நின்றார். அவர் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. பயப்படுகிறார் என்று தெரிந்தது. எதற்காகப் பயப்படுகிறார் என்றுதான் தெரியவில்லை.

தகட்டைப் புரட்டினார்கள். எஸ்.ஐ. குனிந்து டார்ச் அடித்தார். அசல் தரை துருப்பிடித்து, சல்லடை மாதிரி ஓட்டை விழுந்து கிடந்தது. ஓட்டை வழியே கீழே மண் தெரிந்தது. மூலையில் எலி கொண்டுவந்து சேர்த்த வேர்க்கடலைத் தோல் ஒரு குவியல். அவ்வளவுதான். யாரோ எப்போதோ துருவை மறைக்கத் தகடு அடித்திருக்கிறார்கள். கட்டர் ஆள் சிரித்துவிட்டார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நம்பர் விஷயம் பாக்கி இருந்தது. பழைய ஓனர் கொடுத்த விற்பனைக் கடிதத்தைக் கேட்டு, எஸ்.ஐ. தானே ஃபைலை வாங்கிப் புரட்டினார். அடியில் இருந்த தாள் அவர் கையில் வந்தது. முழுதும் படித்தார். என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்து, "இது வேணாம் மேடம், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். கார்டுக்கு முந்திய பழைய ஆர்.சி. புத்தகம் கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லி எங்களை அனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கணவர் கேட்டார். "அந்தத் தாள்ல இன்னா எழுதியிருந்த?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. ஆனாலும் நின்று, தாளைப் பிரித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். நான் முடித்ததும் அவர் கொஞ்ச தூரம் நடந்தார்.

"நெசத்தத்தான எழுதிக்கிற" என்றார். "நானும் பயந்துக்கினுதான் இருந்தேன். உன் வேலைக்கு எதுனா ஆயிடப் போவுதுன்னு."

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் கேட்டேன். இந்த மாடலுக்கு உதிரி சாமான் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் பாலசமுத்திரத்தில் இருக்கிறாராம். செலவைச் சொன்னால் நான் திட்டுவேன் என்று தறி வேலை என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படும் யோக்கியதை அன்றைக்கு எனக்கு இல்லை.

மறுநாள் திருத்தணிக்குப் போனோம். பெரியவர் கதவைத் திறக்கவில்லை. போலீஸ் அவருக்கும் போன் செய்திருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று, எனக்கு எதுவும் தெரியாது, எல்லாம் சட்டப்படி விற்றேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தகட்டுக்கு அடியில் துருதான் இருந்தது, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, பழைய புத்தகம் மட்டும் வேண்டும் என்று நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நேற்று வரை நான் இருந்த நிலையில் அவர் இருந்தார். வெகுநேரம் கழித்து, துணி அட்டை போட்ட புத்தகம் ஒன்று கம்பி வழியாக வெளியே வந்தது. மசி மங்கிய கையெழுத்தில் தெளிவாக மூன்று என்று இருந்தது. புத்தகத்தில் இருந்து கார்டுக்கு மாற்றியபோது யாரோ எட்டாகப் படித்திருக்கிறார்கள்.

அந்த எட்டை மூன்றாக்க இரண்டு மாநிலத்திலும் இரண்டு மாதம் அலைந்தோம். கடைசியில் ஆந்திர நம்பர் வந்தது. புதுத் தரை அடித்து, கார் இப்போது நன்றாக ஓடுகிறது. அவர் கூப்பிட்டால் நானும் ஏறி உட்காருகிறேன், புத்தூர் வரைக்கும் போய் வருகிறோம். அவர் அந்தத் தாளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பேசவில்லை. தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் மட்டும், இன்றைக்கும், எடுப்பதற்கு முன்னால் என் கை கொஞ்சம் தயங்குகிறது.