பால் பாத்திரத்தின் அடி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘மன்னிப்பு மேடம்’. ஊருக்குத் தண்ணீர் விடும் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிற வேலை. குழாயில் காற்றுதான் வருகிறது, தண்ணீரில் புழு நெளிகிறது, தெருவில் குழாய் உடைந்து வெள்ளமாய் ஓடுகிறது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரே அவள் காதில் வந்து கொட்டும். எல்லாக் குழாயையும் தானே போய் உடைத்துவிட்டு வந்தவள் மாதிரி, “மன்னிச்சுக்குங்க சார், மன்னிச்சுக்குங்கம்மா, இதோ ஆள் அனுப்பறோம்” என்பாள். கிழிகிழியென்று கிழிக்க வந்தவர்கள்கூடக் கடைசியில், “பாவம், நீங்க என்னம்மா பண்ணுவீங்க” என்று வைத்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த வார்த்தையையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவாள். கட்டினவரிடம் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. அவர் மட்டும் என்ன, லேசுப்பட்ட ஆளா? லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் அழுகிறவர்களை எல்லாம் தேன் மாதிரிப் பேசிச் சமாதானம் செய்து வெளியே எடுப்பவர், வீட்டில் வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. “லிஃப்ட இறக்கத் தெரியுது, தான் இறங்கத்தான் தெரியல” என்று அவள் தன் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு எப்படித்தான் குடித்தனம் நடந்தது என்றால், அந்தச் சமையலறை சிங்க்கை வைத்து நடந்தது.

கல்யாணமான புதிதில் முதல் பெரிய சண்டை. எதற்கென்று இரண்டு பேருக்குமே பிற்பாடு ஞாபகமில்லை. அவள் சாப்பிட்டது பாதி சாப்பிடாதது பாதியாக எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் எழுந்து போனால், சிங்க் பளபளவென்று இருக்கிறது. கரண்டி முதற்கொண்டு கழுவி ஸ்டாண்டில் கவிழ்த்திருக்கிறார். அவள் ஒன்றும் பேசவில்லை. கழுவி வைத்த கப்பில் ஒன்றை எடுத்து, டீ போட்டு, அவர் முன்னால் கொண்டு போய் வைத்தாள். குடித்தார். சண்டை முடிந்தது.

அதிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. மற்ற நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்துதான் கழுவுவார்கள். ஒருவர் தேய்த்தால் ஒருவர் துடைப்பார். சண்டை நாளில் பாத்திரம் அப்படியே கிடக்கும். தப்பு யார்மேலோ அவர் தனியாகப் போய்க் கழுவ வேண்டும். கழுவியவர் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, ‘பார்த்தாயா’ என்று கேட்கவும் கூடாது. மற்றவர் மன்னித்தால் டீ வரும். இப்படியெல்லாம் உட்கார்ந்து பேசி யாரும் முடிவு செய்யவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் அதை மீறியதில்லை. இரண்டு பேருமே ‘என்மேல் என்ன தப்பு’ என்று முறைத்துக்கொண்டு திரிந்த நாட்களும் உண்டு. அப்போது பாத்திரம் மலையாய்க் குவிந்து, குடிக்க டம்ளர் இல்லாமல் அவர் அரிசி அளக்கும் கோப்பையில் தண்ணீர் குடித்தார், இறங்கி வரவில்லை. இதெல்லாம் கூடவே வளர்ந்த மகளுக்குக்கூடத் தெரியாது. அப்பாவும் அம்மாவும் முறை போட்டுப் பாத்திரம் கழுவுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மகள் வேலைக்குப் போய், கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போன பிறகு, அம்மாவின் கைவிரல்கள் சோப்புப் பட்டுப் பட்டு வெடிக்க ஆரம்பித்தன. டாக்டர், தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்றார். “நான் கழுவிக்கறேன், அவ்வளவுதானே” என்றார் அப்பா. மகள் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, வாங்கியும் அனுப்பிவிட்டாள். அதை மேடைமேல் வைக்க இடம் போதவில்லை. சுவரில் இருந்த பாத்திர ஸ்டாண்டைக் கழற்றிப் பரணில் போட்டார்கள்.

மெஷினைப் பொருத்தியவர் போன பிறகு, லிஃப்ட் மெக்கானிக் அதன் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏம்மா, இனிமே நாம சண்டை போட்டா என்ன பண்றது?”

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “சண்டையே போடாம இருந்து பாருங்களேன்.”

“அது முடியாது. வேற சொல்லு.”

அவரும் சிரித்தார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே உட்கார்ந்து ஒரு பதில் கண்டுபிடித்திருக்கலாம். யாருக்குத் தோன்றியது?

மெஷின் நன்றாகத்தான் கழுவியது, அதைக் குறை சொல்ல முடியாது. அவள் விரல்கள் ஆறின. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை உள்ளே அடுக்கி, பொத்தானை அமுக்கிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவர் டிவி முன்னால், அவள் போனோடு. சின்னச் சின்னச் சண்டைகள் வந்தன. முன்பு போல முடியவில்லை; அப்படியே பாதியில் நின்றன. யார் பொத்தானை அமுக்கினால் என்ன? அதில் யார் இறங்கி வந்தார் என்று எப்படிச் சொல்வது? மனத்தாங்கல்கள் கழுவாத பாத்திரம் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

மகள் உண்டாகியிருந்தாள். பிரசவத்துக்கு அம்மா வந்து கூட இருக்க வேண்டும் என்றாள். இவளும் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் அலுவலகத்தில் நீண்ட லீவு சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் டார்ச்சோடு சிங்க்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அங்கிருந்தபடியே, “ஒழுகுது... மூடிட்டேன்... நாளைக்கு வாஷர்...” என்று ஏதோ சொன்னார். நாள் முழுக்க ‘ஒழுகுது, ஒழுகுது’ என்று கேட்டுக் கேட்டு மரத்துப்போன காது அவளுடையது. “சரி சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ராத்திரி அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவள், லீவு விஷயத்தைச் சொன்னாள். அவர் கை தட்டிலேயே நின்றது.

“எங்கிட்ட கேக்கணும்னு தோணலையா?”

“உங்கள என்ன கேக்கணும்? அவ நம்ம பொண்ணு.”

“நான் யாரு இந்த வீட்ல? வாட்ச்மேனா?”

“சோறு போட ஆளில்லாம போயிடுமேன்னுதானே இந்தக் குதி குதிக்கிறீங்க?”

அது அநியாயமான பேச்சு. அவளைவிட அவருக்குத்தான் நன்றாகச் சமைக்க வரும். அவர் சட்டென்று எழுந்தார். “போ. தாராளமா போ. நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, வீடே நாறியது. இரண்டு பேரும் அசையவில்லை. கடைசியில் அவர்தான் போய் அடுப்பை அணைத்தார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பேசியிருக்கிறார். இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. தலையணை நனைய அழுதாள். அழுதபடியே, தன்னையறியாமல், சமையலறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மேலே ஃபேன் கடகடத்ததில் ஒன்றும் கேட்கவில்லை. எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

காலையில் சிங்க் காலியாக இருந்தது. அவள் நெஞ்சு ஒரு கணம் லேசானது. சுவரைப் பார்த்தாள். ஸ்டாண்டு இருந்த இடத்தில் ஆணி அடித்த ஓட்டைகள்தான் இருந்தன. மெஷினைத் திறந்து மேல் தட்டை இழுத்தாள். கப்புகளும் டம்ளர்களும் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன, பளிச்சென்று.

பொத்தானை அமுக்கியிருக்கிறார். அந்தப் பேச்சுக்கு ஒரு பொத்தான். அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. தட்டை உள்ளே தள்ளி, கதவை அறைந்து சாத்தினாள்.

திரும்பினால் அவர் சமையலறை வாசற்படியில் நிற்கிறார். யூனிஃபார்ம் போட்டு, தோளில் டூல்ஸ் பையோடு, கிளம்பத் தயாராக. ஆனால் கிளம்பவில்லை. அடுப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“என்ன பாக்கறீங்க? டீ வேணும்னா அந்த மெஷின்கிட்ட கேளுங்க. அதுதானே கழுவுச்சு?”

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கழுவியவர் சொல்லக் கூடாதே. சொன்னால் அது கேட்டு வாங்கின டீ ஆகிவிடாதா? பையைச் சரி செய்துகொண்டு, “குடை எடுத்துட்டுப் போ, மழை வர்ற மாதிரி இருக்கு” என்றார். படியில் அவர் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

மத்தியானத்துக்குள் செய்தி வந்துவிட்டது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், மேல் மாடிக்குப் படி ஏறிப் போயிருக்கிறார். வேலையை முடித்து, லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். கீழே வந்து கதவு திறந்தபோது உயிர் இல்லை.

யார் யாரோ வந்தார்கள், எல்லாம் செய்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. அவரவர் பாத்திரத்தை அவரவர் எடுத்துப் போனார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். எல்லாரும் துக்கத்துக்காக அழுதார்கள். இவள் அழுகையில் கோபமும் கலந்திருந்தது என்பது யாருக்கும் தெரியாது. செத்தவர்மேல் கோபப்படுவது எவ்வளவு கேவலம்! ஆனாலும் அந்த வார்த்தை காதைவிட்டுப் போகவில்லை. நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாரே மனுஷன். மூடிய மெஷினை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு மகள்தான் அதைத் திறந்தாள். “உள்ள பாத்திரம் இருக்கேம்மா. ரொம்ப நாளா மூடியே கிடந்திருக்கு, இன்னொரு தடவை ஓட விடறேன்” என்று பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு மினுக்கியதே தவிர, தண்ணீர் வரவில்லை. ரிப்பேர் செய்கிறவரைக் கூப்பிட்டாள்.

அவர் வந்து சிங்க்குக்கு அடியில் தலையை விட்டார். “மெஷினுக்குப் போற தண்ணி வால்வ மூடி வெச்சிருக்காங்கம்மா. ஜாயின்ட்ல ஒழுகுது. யாரோ விவரமானவங்க, துணி சுத்தி இறுக்கிக் கட்டியிருக்காங்க. வாஷர மாத்தினா சரியாயிடும்.”

“அப்பாவா இருக்கும்” என்றாள் மகள்.

இவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ‘ஒழுகுது... மூடிட்டேன்...’ டார்ச். வெளியே தெரிந்த கால்கள். அது சாப்பாட்டுக்கு முன்னால். சண்டைக்கு முன்னால்.

மெள்ள எழுந்தாள். “வால்வு மூடியிருந்தா இது ஓடுமா?”

“எப்படிம்மா ஓடும்? சொட்டுத் தண்ணி உள்ள வராதே.”

அவள் மெஷின் கதவைத் திறந்தாள். அன்றைக்கு இழுத்துப் பார்க்காத கீழ்த் தட்டை இழுத்தாள். தட்டுகள், வாணலி, நடுவில் பால் பாத்திரம். எடுத்துத் திருப்பினாள். அடிப்பிடித்துக் கரிந்த பாத்திரம் அது. எந்த மெஷினிலும் அந்தக் கரி போகாது. அடி கண்ணாடியாக மின்னியது. கம்பி நாரைப் போட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்த கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. மணிக்கணக்கில் தேய்த்திருக்க வேண்டும். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்க்க வீட்டில் வேறு ஸ்டாண்டு இல்லை. அதனால் இதற்குள் அடுக்கியிருக்கிறார், அவ்வளவுதான். அடுக்கிவிட்டு, விடிந்ததும் வந்து, டீக்காக நின்றிருக்கிறார்.

அவள் போட்ட சத்தத்தில் ரிப்பேர்காரர் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். மகள் ஓடி வந்து பிடித்தாள். “என்னம்மா, என்ன ஆச்சு?” என்று கேட்டாள். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

வால்வை அப்படியே விடச் சொல்லி ரிப்பேர்காரரை அனுப்பினாள். அந்தப் பால் பாத்திரத்திலேயே டீ வைத்தாள். அவர் கப்பில் ஊற்றி, மேஜையில் அவர் உட்காரும் பக்கம் கொண்டு போய் வைத்தாள். ஆவி அடங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். கேட்காமல் நின்றவருக்குக் கொடுக்க வேண்டியது, கொடுத்தாகிவிட்டது. அவர் பக்கத்துத் தப்பு தீர்ந்தது.

தன் தப்பு பாக்கி இருந்தது.

எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். மெஷினிலிருந்த பாத்திரம் முழுவதையும் சிங்க்கில் இறக்கினாள். சோப்பைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொன்றாகத் தேய்த்தாள்.

“அம்மா, அதெல்லாம் சுத்தமாத்தானே இருக்கு? கை வெடிச்சிடும்மா, டாக்டர் என்ன சொன்னாரு!”

“இருக்கட்டும்.”

கரண்டி வரைக்கும் கழுவினாள். மேஜைமேல் ஆறிப்போயிருந்த டீயைக் கொட்டிவிட்டு அவர் கப்பையும் கழுவினாள். ஆறின விரல்கள் சோப்புப் பட்டு மறுபடி எரிந்தன. எல்லாவற்றையும் துண்டு விரித்துக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, அன்று அவர் நின்ற அதே வாசற்படியில் போய் நின்றாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உக்காரும்மா, நான் உனக்கு டீ போடறேன்” என்று கழுவிக் கவிழ்த்த கப்பில் ஒன்றை எடுத்தாள்.

“வேண்டாம்மா” என்று அவள் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ போடாத. அத நீ போட முடியாது.”

கப்பை வாங்கித் திரும்பவும் துண்டின்மேல் கவிழ்த்து வைத்தாள்.