கெடு தாண்டி வந்தவன்

ஹில்லாவுக்கு மறதி கிடையாது. தக்காளி வளர்க்கும் கண்ணாடிக்கூடங்களின் கூரையைக் கழுவுவது அவள் தொழில், நான் அவளிடம் கூலிக்காரன். என் சம்பளம் ஒருநாளும் பிந்தியதில்லை. நான் ஒரே ஒரு தடவை பிந்தி வந்ததை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

அப்படிப்பட்டவளிடம் போய் வம்பு வைத்துக்கொண்டவன் யோப். அட்டைப்பெட்டி வியாபாரி. கண்ணாடிக்கூடங்கள் நிறைந்த எங்கள் வெஸ்ட்லாந்து வட்டாரத்தில் பெட்டி வேண்டுமென்றால் அவனிடம்தான் போக வேண்டும், அந்தத் திமிர் அவன் நடையிலேயே தெரியும்.

முன்பு ஒரு வெள்ளரிப் பண்ணை திவாலானபோது இருவருக்கும் அங்கே பாக்கி இருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஹில்லாவின் புருஷன் தியூன் கூரையிலிருந்து விழுந்து முதுகு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவள் கோரிக்கை கெடு தாண்டித்தான் திவால் நிர்வாகியிடம் போனது. எங்கள் நெதர்லாந்துச் சட்டத்தில் அதற்கும் ஒரு சந்து உண்டு. கோரிக்கைகளைச் சரிபார்க்கும் கூட்டத்தில் நிர்வாகியும் ஆட்சேபிக்காமல், வந்திருக்கும் கடன் கொடுத்தவர்களும் ஆட்சேபிக்காமல் இருந்தால், பிந்தி வந்ததையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒருவர் கை தூக்கினாலும் போச்சு.

யோப் தூக்கினான். "விதின்னா விதிதான் ஹில்லா" என்று சிரித்தானாம். கூரை கழுவும் இயந்திரத்தை விற்றுத்தான் அவள் தியூனுக்குச் சக்கர நாற்காலி வாங்கினாள்.

அன்றிலிருந்து, தனக்குப் பாக்கி வைத்துவிட்டுத் திவாலான எந்தப் பண்ணையின் கூட்டத்தையும் அவள் விட்டதில்லை. அந்தக் கூட்டங்களுக்கு ஈ காக்காய்கூட வராது.

"கிடைக்கிறது பெட்ரோலுக்கே பத்தாது. எதுக்கு முதலாளியம்மா இந்த அலைச்சல்?" என்று கேட்பேன்.

"வருவான்டா ஒருநாள். பிந்தி வருவான்."

இந்த வசந்தத்தில் வந்தான். பெரிய தக்காளிப் பண்ணை ஒன்று கவிழ்ந்தது. யோப்புக்கு அங்கிருந்து வர வேண்டியது அவன் கம்பெனியையே தாங்கி நிறுத்தும் தொகை. ஆனால் கெடு முடிந்த வாரம் துரை குடும்பத்தோடு ஆஸ்திரியாவில் பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்தார். கூட்டத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்ற தெனாவட்டு. திரும்பி வந்து, ஆற அமரக் கோரிக்கையை அனுப்பினான். பிந்தி வந்த கோரிக்கைகளின் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்த அன்று ஹில்லா எங்களுக்கு ஒரு முழு ஆப்பிள் கேக் வாங்கி வந்தாள். தன் பிறந்தநாளுக்கே ஆளுக்கு ஒரு துண்டுக்கு மேல் தராதவள்.

ஹேக் நீதிமன்றத் தாழ்வாரத்தில் எங்களைக் கண்டதும் யோப்பின் முகம் வெளுத்துவிட்டது.

"ஹில்லா! நீ எங்க இங்க?"

"எனக்கும் பாக்கி இருக்கே. கூரை கழுவினது."

மெஷினில் காபி பிடித்து அவளிடம் நீட்டினான். "இந்தப் பணம் வரலேன்னா என் கதை முடிஞ்சிரும் ஹில்லா. பேங்க்காரன் கழுத்தைப் பிடிக்கிறான். நீ ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தா போதும்."

அவள் காபியை வாங்கிக்கொண்டாள். முகம் கொஞ்சம் இளகியது. மனசு மாறிவிடுவாளோ என்று நினைத்தேன்.

"வெள்ளரிப் பண்ணைக் கூட்டம் ஞாபகம் இருக்கா யோப்?"

அவன் நெற்றியைச் சுருக்கினான். "எந்தப் பண்ணை? எத்தனையோ திவால் பாத்தாச்சு. அங்கயும் உனக்குப் பாக்கியா?"

நடிக்கவில்லை. படுபாவி நிஜமாகவே மறந்திருந்தான். ஹில்லா ஒரு வாய்கூடக் குடிக்காமல் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

உள்ளே நீதிபதி தலை நிமிராமலே கேட்டார். "கெடுவுக்குப் பின்னாடி வந்தது ஒண்ணு இருக்கு. நிர்வாகிக்கு ஆட்சேபணை இல்ல. வேற யாருக்காவது?"

ஹில்லா கை தூக்கினாள். "எனக்கு இருக்கு."

"காரணம் சொல்றீங்களா?"

"சொல்லணும்னு சட்டம் இருக்குதுங்களா?"

"இல்ல" என்றார் நீதிபதி. யோப்பின் கோரிக்கை சேர்க்கப்படவில்லை.

வெளியே அவன் வழியை மறித்தான். "நான் உனக்கு என்னடி பாவம் பண்ணினேன்?"

"யோசிச்சுப் பாரு. இனிமே உனக்கு நேரம் நிறைய இருக்கும்."

எனக்குத் துளிகூடப் பரிதாபம் வரவில்லை. வயிறு குளிர்ந்தது.

வண்டியில் ஏறியதும் அவள் ஸ்பீக்கரில் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"தியூன், கையத் தூக்கிட்டேன்."

"யோப்புக்கு எதிராவா?"

"ஆமா."

 பிறகு தியூன் கேட்டான். "அவனுக்கு அது ஞாபகம் இருந்துச்சா?"

ஹில்லா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"இருந்துச்சு" என்றாள். "நல்லாவே இருந்துச்சு."

"அப்ப வரும்போது ஹெர்ரிங் மீன் வாங்கிட்டு வா. வெங்காயம் போட்டு. எனக்கு ரெண்டு."