எச்சில் படாத கை

தி. நகரில் நான் தங்கியிருந்த மகளிர் விடுதியில் முப்பத்திரண்டு பேர் இருந்தோம். தளத்துக்கு இரண்டு கழிப்பறைகள். கீழே ஒரு சாப்பாட்டுக்கூடம். அதன் வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், அதன் மூடிமேல் ஒரு குவளை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை அது. குழாயில் தண்ணீர் வந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை வாளி. குளியல், துணி, கழிப்பறை எல்லாம் அதற்குள்.

திங்கட்கிழமை மாடியில் ஒருத்தி வாந்தி எடுத்தாள். செவ்வாய் மாலைக்குள் நான்கு பேர். வியாழன் காலை நான் எண்ணியபோது பதினொரு பேர். வாந்தி, கூடவே வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் படுக்கை, பிறகு எழுந்துவிடுவார்கள். எழுந்தவர்கள் சிரிக்கவும் செய்தார்கள்.

"கல்யாணத்துக்குள்ள அஞ்சு கிலோ இளைக்கணும்னு வேண்டிக்கிட்டேன். ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுத்துட்டாரு சாமி" என்றாள் பக்கத்து அறைக்காரி, பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அறையில் என்னோடு தங்கியிருந்தவளுக்குச் சர்க்கரை நோய். வயதானவர்களுக்கு வருகிற, மாத்திரையில் அடங்குகிற வகை அல்ல. பதினேழு வயதில் வந்தது. காலையிலும் இரவிலும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால்தான் உயிர். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஊசி மருந்து சூட்டில் கெடாமலிருக்க ஒரு சின்ன மண்சட்டித் தண்ணீரில் அதை டப்பாவோடு மிதக்கவிட்டு, கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் போட்டுக்கொள்வாள். வீட்டாரைத் தவிர இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதுவும் நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே குப்பைக்கூடையில் ஊசியைப் பார்த்துவிட்டதால்.

"ஏட்டி, யார்ட்டயும் சொல்லிராத. வீட்ல மாப்பிள பாக்காங்க. வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் வரமாட்டான். உங்கம்மா மேல சத்தியம் பண்ணு" என்று அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டாள். செய்தேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பரிசோதனைக்கூடப் படிப்பு முடித்து அடையாறில் ஒரு லேபில் வேலை. இன்சுலின் போடுகிறவர்கள் வாந்தியெடுத்துப் படுத்தால் என்ன ஆகும் என்பதை நான் ஆட்களாகப் பார்த்ததில்லை, சோதனைச் சீட்டுகளாகப் பார்த்திருந்தேன். காலையில் வரும் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும். மதியம் வரும் சிறுநீரில் அமிலம் தெரியும். சில பெயர்களுக்கு மூன்றாவது சீட்டு வராது. ஏன் வரவில்லை என்று லேபில் யாரும் கேட்பதில்லை.

மற்றவர்கள் இரண்டு நாளில் எழுந்துவிடுகிற நோய் இவளை எடுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயம் எனக்குத் திங்கட்கிழமையிலிருந்தே இருந்தது. பயம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: எங்கள் குடிதண்ணீர் தனி, இருபது நிமிடம் கொதித்தது. வாளி தனி. பச்சைக் காய்கறி, சட்னி, மோர் வேண்டாம். மாடிக் கழிப்பறைக்குப் போகாமல் கீழ்த்தளத்துக்குப் போவது. கடைசி வரி: சாப்பாட்டை அவள் தானாக எடுக்கக் கூடாது, நான் பார்த்து எடுத்துப் போடுவேன். அந்தக் கடைசி வரியை மட்டும் அடிக்கோடிட்டிருந்தேன்.

காலராவாக இருக்குமோ என்பதுதான் வார்டன் மாமியின் பயம். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர், கணவர் போன பிறகு இந்த விடுதியை நடத்திவந்தார். மூன்று பேரிடம் மல மாதிரி வாங்கி லேபுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் அரைமணி நேரம் பார்த்தேன். காலராக் கிருமியின் துள்ளல் எதுவுமில்லை. அப்படியென்றால் பெரும்பாலும் வைரஸ். எங்கள் நுண்ணோக்கிக்கு அது அகப்படாது. பெயர் தெரிந்த கிருமி என்றால் மருந்தாவது உண்டு. இதற்கு ஒன்றுமில்லை, அடுத்தவருக்குப் போகாமல் தடுப்பதைத் தவிர.

"தண்ணியத்தான் நான் காய்ச்சிண்டே இருக்கேனே. ரெண்டு சிலிண்டர் தீந்து போயாச்சு. இன்னும் என்னடி பண்ணச் சொல்றே?" என்றார் மாமி. அவர் சொன்னது உண்மை. புதன்கிழமையிலிருந்து விடுதியில் காய்ச்சாத தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை பதினாறு பேர்.

அன்று மாலை நோட்டில் கட்டம் போட்டு முப்பத்திரண்டு பேரையும் அறை எண்ணால் எழுதினேன். என்ன குடித்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எங்கே. தண்ணீர்க் கட்டத்தில் ஒழுங்கே இல்லை. அரிசி, சாம்பார், தயிர், எதிலும் இல்லை. ஆனால் சாப்பாட்டுக்கூடத்துக்கே வராத ஐந்து பேர், வெளியே சாப்பிடுகிறவர்களும் அக்கா வீட்டிலிருந்து கேரியர் வருகிறவளும், ஐவருமே நன்றாக இருந்தார்கள். ஆக, கூடம். ஆனால் கூடத்தில் எது?

இரவுச் சாப்பாடு எங்களுக்கு ஏழரைக்கு. வெள்ளிக்கிழமை என்றால் சப்பாத்தி. நடுமேசையில் துணி போட்ட மூங்கில் கூடை, பக்கத்தில் குருமாப் பாத்திரம். பரிமாற ஆள் கிடையாது, வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். என் தட்டில் ஒரு சப்பாத்தி முடிந்திருந்தது. அறைத்தோழியின் தட்டிலும். எழுந்துபோய்க் கூடையிலிருந்து நான்கு எடுத்து வந்து இரண்டை அவளுக்குப் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கூடையைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோருடைய வலது கையும் விரல்களைக் குவித்தபடி பின்னால் போயிருந்தது. சாப்பிட்ட கை, எச்சில் கை, கூடையில் பட்டுவிடக் கூடாது. எல்லோருடைய இடது கையும் கூடைக்குள் இருந்தது.

என் இடது கையைத் திருப்பிப் பார்த்தேன்.

இடது கையை நாங்கள் யாரும் சாப்பாட்டுக்கு முன் கழுவுவதில்லை. டிரம்முக்குப் போவோம், இடது கையால் குவளையை எடுத்து வலது கையில் ஊற்றிக்கொள்வோம். அவ்வளவுதான். சோப்பு போட்டால் அலச இரண்டு குவளை கூடுதலாக வேண்டும் என்பதால் அந்தக் கோடையில் யாரும் சோப்பைத் தொடுவதில்லை. கழிப்பறையில் வேலை செய்ததும் இடது கைதான். அங்கேயும் அரைக் குவளைத் தண்ணீர்தான். அதே கை டிரம்மின் குவளையைப் பிடிக்கிறது, கரண்டிக் காம்பைப் பிடிக்கிறது, கூடைக்குள் போகிறது, மேலே இருப்பதைத் தள்ளிவிட்டுச் சூடானதை அடியிலிருந்து எடுக்கிறது. வீட்டில் அம்மா அடித்துப் பழக்கிய ஒழுங்கு அது. எச்சில் படாமல் எடு.

லேபில் நான் முழங்கைவரை சோப்பு போட்டு இரண்டு கையையும் கழுவுகிறவள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு விடுதிக்கு வந்தால் என் வீட்டுப் பெண்ணாகிவிடுவேன். புதன்கிழமை பக்கத்து அறைக்காரியின் வாந்தியை நான்தான் துடைத்தேன். திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு வேளையும் என் தோழிக்கு, அந்த அடிக்கோடிட்ட வரியின்படி, என் இடது கையால் எடுத்துப் போட்டவளும் நான்தான்.

அவள் தட்டைப் பார்த்தேன். இரண்டில் ஒன்றைப் பிய்த்து முடித்திருந்தாள்.

"சாப்பிடாதே" என்றேன்.

"ஏன்? உப்பு கூடிட்டா?"

"வேண்டாம், வச்சிடு."

"போட்டவளும் நீயி, வேண்டாங்கவளும் நீயி. கிறுக்கு பிடிச்சிட்டாட்டி ஒனக்கு?"

மாமியிடம் போய்ச் சொன்னேன். இனி யாரும் இடது கையால் தானாக எடுக்கக் கூடாது, ஒரே ஒரு ஆள் சோப்பு போட்டு இரண்டு கையும் கழுவிவிட்டுப் பரிமாறட்டும், டிரம் பக்கத்தில் சோப்பு வேண்டும். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இடது கை கூடாதுன்னா? எச்சக் கைய விட்டு எடுக்கச் சொல்றியா? படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?"

"மாமி, எச்சிலைவிட..."

"அது என்னன்னு நீ சொல்லவே வேண்டாம், சாப்பிடற எடத்துல" என்று காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் சமையல்கட்டு ஆயாவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து அவர்தான் பரிமாற வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்று நான் பாத்ரூமில் அடுத்த நாள் தண்ணீரையும் சேர்த்துச் செலவழித்துக் கை கழுவினேன். சமையல்கட்டு ஆயா எட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா, இந்தத் தேய் தேச்சிக்கினு கீற? தோலு உரிஞ்சி கைல வந்துடப் போவுது."

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. கிளம்பும்போது அவள் போர்வைக்குள் இருந்தாள். தலைவலி, பள்ளி லீவுதானே, தூங்குகிறேன் என்றாள். நம்ப விரும்பினேன், நம்பிவிட்டேன். ஆனாலும் லேபிலிருந்து திரும்பும்போது சிறுநீரில் தோய்த்துப் பார்க்கிற சோதனைப் பட்டைகள் நான்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மணிக்குக் கதவைத் திறந்ததும் கட்டிலருகே வாளி வாந்தியால் நிறைந்திருந்தது தெரிந்தது. காலையிலிருந்து ஏழு முறை என்றாள்.

"ஊசி போட்டியா?"

"சாப்பிடாம எப்படிப் போட? சர்க்கர எறங்கிராதா? நேத்து ராத்திரியே கொமட்டுச்சி, அப்பமும் போடல."

இரண்டு வேளை. வாந்தி எடுக்கும்போது சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, என் பட்டியலில் அது இல்லை. குனிந்து அவள் முகத்தருகே போனேன். மூச்சு நீளமாக, ஓடி வந்தவள்போல இழுத்துக்கொண்டிருந்தது. அந்த மூச்சில் ஒரு வாசனை, நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனின் வாசனை. லேபில் அந்தப் புட்டியைத் தினமும் திறக்கிறேன்.

அவளைப் பிடித்து எழுப்பி, ஒரு டம்ளரில் சிறுநீர் வாங்கி, பட்டையைத் தோய்த்தேன். லேசான சிவப்பில் தொடங்கி, நான் பதினைந்து எண்ணுவதற்குள் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. லேபின் நிற அட்டையில் அமிலத்துக்கு அதற்கு மேல் நிறமே கிடையாது.

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"வேண்டாம்ட்டி. மாமி கேப்பா. ஊருக்கு போன் போடுவா. நாளைக்கு அத்த வீட்டுக்குப் பொண்ணு பாக்க வாராங்க." இதைச் சொல்ல அவளுக்கு நான்கு மூச்சு தேவைப்பட்டது. "சத்தியம் பண்ணிருக்க."

நான் படியில் இறங்கினேன். மாமி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "மாமி, அவளுக்குச் சர்க்கரை நோய். சின்ன வயசுலேர்ந்து. இன்சுலின் போட்டுக்கறா. இப்ப கூட்டிண்டு போகலைன்னா செத்துப்போயிடுவா." எனக்குப் பழக்கமில்லாத அவருடைய பேச்சு என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"ஒளிச்சு வெச்சிருந்தேளா ரெண்டு பேரும்? என் விடுதியில?" என்று எழுந்தவர், அந்தக் கேள்விக்குப் பதில் கேட்க நிற்கவில்லை. ஆயா மாடியேறி அவளைக் குழந்தையைப்போல் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். "ஒண்ணியும் இல்ல கண்ணு, கண்ணத் தொறந்துக்கினே வா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்டோ மயிலாப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை மாமியும் நானும் மாறி மாறி அவள் கன்னத்தைத் தட்டினோம். லஸ் முனை வந்தபோது அவள் கண் திறக்கவில்லை.

மூன்று நாள் சலைன், இன்சுலின், மணிக்கொரு ரத்தச் சோதனை. அந்தச் சீட்டுகளை என்னைப்போல் வேறு யாரோ எழுதினார்கள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால், என்று மருத்துவர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. விடுதியில் ஞாயிறன்று இரண்டு பேர், திங்களன்று ஒருத்தி, பிறகு புதிதாக யாருமில்லை.

செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பேசத் தெம்பு வந்தது. அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து வந்து மருந்துக்கடைக்குப் போயிருந்தார். நான் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, இடது கை, பக்கத்து அறைக்காரியின் வாந்தி, நான் எடுத்துப் போட்ட ஒவ்வொரு வேளையும். சொல்லும்போது கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டேன், அவளைத் தொட்டுவிடக் கூடாது என்று.

அவள் கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தாள். "இதுக்கா இம்புட்டு கவல? எங்கம்மயும் இப்படித்தாம்ட்டி எடுத்துப் போடுவா. ஒலகமே அப்படித்தான் போடுது. நீ வேணும்னேவா செஞ்ச?"

பிறகு குழாய் இல்லாத கையால் போர்வையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அண்ணன் சொன்னான், பொண்ணு பாக்க அவங்க வரலைன்னுட்டாங்களாம். மாமி போன்ல அத்தைட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. மாமிக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

ஊசி குத்தியிருந்த கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் புரண்டு சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டாள். சலைன் குழாய் முறுக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்யக் கை நீட்டி, பாதியில் நிறுத்தி, நர்ஸைக் கூப்பிட்டேன். நர்ஸ் வந்து போன பிறகும் அவள் திரும்பவில்லை. அண்ணன் வரும்வரை நான் அவள் முதுகு மூச்சில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிடத்துக்குப் பதினெட்டு. நல்ல உடம்புக்குச் சரியான கணக்கு அது.