பண்ணைப் பாலத்தில் பின்தங்கிய மனோகரி அக்கா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா சொல்வார். பொய்யில்லை. அதிலும் காலை ஏழு மணிக்கு, பண்ணைப் பாலத்தில், வாடைக் காற்று முகத்தில் அறையச் சைக்கிள் மிதிக்கும்போது என்னோடு ஒருவரும் கதைக்கக் கூடாது. மனோகரி அக்காவுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. பாலத்துக்குத் தீவுப்பக்கம், வேலணையில் தனியாக இருக்கிறார். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக்கடையில் கல்யாணச் சட்டை தைப்பது வேலை. பன்னிரண்டு வருடமாக அதே சைக்கிள், அதே பாதை. பஸ் இருக்கே அக்கா என்றால், “பஸ்ஸிலை மற்றவையின்ரை கதையைக் கேக்கவேணும். சைக்கிளிலை என்ரை கதையை நான் யோசிச்சுக்கொண்டு போகலாம்” என்பார். அவர் வருவது கண்ணுக்குத் தெரிய முன்னமே காதுக்குத் தெரியும். மட்கார்ட், செயின்கவர், கரியர் எல்லாம் சேர்ந்து கடகடவென்று அடிக்கும்.

நாங்கள் நாலு பேர் ஒரு வரிசை. பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற 2022இல் தொடங்கியது அது. அப்போது தீவுப்பகுதியில் மோட்டார் சைக்கிள்காரர் எல்லாரும் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தார்கள். காலையில் பாலம் திருவிழா மாதிரி இருக்கும். பெற்றோல் வந்ததும் முக்கால்வாசிப் பேர் மறைந்து போனார்கள். மிஞ்சியது மனோகரி அக்கா, மின்சாரச் சாமான் கடையில் வேலை செய்யும் ஜெயரூபன் அண்ணை, ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் ஜெனீற்றா, மருந்துக்கடையில் நிற்கும் நான். வாட்சப்பில் எங்களுக்கு ஒரு குழுவும் உண்டு. பெயர் ‘பண்ணைப் பெடல்’. ஜெயரூபன் அண்ணை வைத்தது, அவருக்கு அவ்வளவுதான் வரும்.

ஆறு ஐம்பதுக்கு அல்லைப்பிட்டிச் சந்தியில் சேருவோம். தை மாதத்தில் வாடை நேரே நகரத்துப் பக்கமிருந்து அடிக்கும். அதனால் ஒருவர் பின்னால் ஒருவராகப் போவோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அந்த முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிப் போகலாம். பத்து மின்கம்பம் கடந்ததும் முன்னவர் விலகிக் கடைசிக்குப் போவார், அடுத்தவர் முன்னுக்கு வருவார். அந்தப் பத்துக் கம்பத்துக்கும் நாக்குத் தள்ளும். பிறகு கடலில் நட்ட வலைத் தடிகளில் இருக்கும் நீர்க்காகங்களைப் பார்த்துக்கொண்டு ராசாத்தி மாதிரிப் போகலாம். பஸ்ஸுக்குள் நசுங்கிக்கொண்டு போகிறவர்கள் எங்களைப் பார்த்து இரக்கப்படுவார்கள், பாவங்கள்.

போன மார்கழியில் அக்காவின் தம்பி பரிஸ் நகரத்திலிருந்து வந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனுசன். வந்த மூன்றாம் நாள் ஸ்பனரை எடுத்து அக்காவின் சைக்கிளைக் கழற்றிப் பூட்டினார். ஒரு ஆணி மிச்சமில்லாமல் இறுக்கினார். இறுக்கிக்கொண்டே, செத்துப்போன தகப்பனை நினைவூட்டிப் புத்தியும் சொன்னாராம்.

“ஐயா ஐம்பத்தெட்டு வயசிலை, கடை திறக்கப் போன இடத்திலை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர். உங்களுக்கு இப்ப ஐம்பத்தேழு. சைக்கிள் ஓடினது காணும் அக்கா. ஸ்கூட்டி வாங்கித் தாறன்.”

அக்கா வேண்டாம் என்றுவிட்டார். தம்பி நின்றவரை லீவில் இருந்தவர், அவர் விமானம் ஏறிய அடுத்த திங்கட்கிழமை, சந்தியில் ஒரு சத்தமும் இல்லாமல் வந்து நின்றார்.

“தம்பி பூட்டித் தந்தவன். பூனை மாதிரி வருது, பாருங்கோ” என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

அந்தக் கிழமையிலிருந்துதான் அவர் பின்தங்கத் தொடங்கினார். முதல் வாரம் கொஞ்சம். இரண்டாம் கிழமை அவருடைய பத்துக் கம்பம் ஐந்தானது. மூன்றாம் கிழமை ஜெயரூபன் அண்ணை அக்காவின் முறையையும் தானே எடுத்துக்கொண்டார். எனக்கு எட்டு மணிக்குக் கடையில் விரல் வைக்கிற மெசின் காத்திருக்கும். ஒரு நிமிடம் பிந்தினாலும் காட்டிக்கொடுக்கும் சனியன் அது. மூன்று நாள் பிந்திவிட்டேன்.

“என்ன அக்கா, நித்திரையிலையே சைக்கிள் ஓடுறியளோ?” என்று எல்லாருக்கும் கேட்கவே சொன்னேன். அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை, எருமை நான்.

வியாழக்கிழமை பாதிப் பாலத்தில் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. தூரத்தில் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவதற்கென்றே திரும்பிப் போனேன். கிட்டப் போனபோது அந்தக் குளிர்காற்றிலும் அவருக்கு நெற்றியால் வேர்வை வழிந்தது.

“கஜானி, நீர் போம். நான் இனி வரேல்லை.”

“இண்டைக்கோ?”

“இனி ஒருநாளும். நாளையிலையிருந்து பஸ். தம்பி சொன்னது சரி. மூண்டு கிழமையா மிதிக்க மிதிக்க நெஞ்சு அடைக்குது. ஐயாவுக்கும் இப்பிடித்தான் வந்திருக்கும்.”

“டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?”

“காட்டினால் ஓமெண்டு சொல்லிப்போடுவினம். சொன்னால் சைக்கிளும் இல்லை, நீங்களும் இல்லை. நான் பிறகு என்னத்துக்கு விடிய எழும்புறது?”

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. போன் எடுத்து முன்னால் போன இருவரையும் கூப்பிட்டேன். ஜெனீற்றா வந்து நாடி பிடித்துப் பார்த்து, முதலில் எனக்கு நல்லாய் ஏசிவிட்டு, மண்டைதீவுப் பக்கமிருந்து வந்த ஓட்டோவை மறித்தாள். அக்கா ஏற மாட்டேன் என்று நின்றார்.

“என்ரை சைக்கிளைப் பாலத்திலை விட்டிட்டு வரமாட்டன்.”

“ஐயோ, நான் கொண்டுவாறன், ஏறுங்கோ!” என்று கத்தினேன்.

ஜெனீற்றா அவரோடு ஓட்டோவில் ஏறினாள். அவளுடைய சைக்கிளை ஜெயரூபன் அண்ணை ஒரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டு தன்னுடையதில் போனார். அக்காவின் சைக்கிளுக்குப் பூட்டு இல்லை. அதனால் என்னுடையதைக் கம்பியோடு பூட்டிவிட்டு அவருடையதில் ஏறினேன்.

மூன்று கம்பம் போயிருப்பேன். மூச்சு வாங்கியது. பயத்தில் என்று நினைத்தேன். ஐந்தாவது கம்பத்தில் நெஞ்சு மேளம் அடித்தது. ஒற்றைக் கையால் இரண்டு சைக்கிள் கொண்டுபோன ஜெயரூபன் அண்ணை புள்ளியாகிவிட்டார். எனக்கு முப்பத்துநாலு வயது, ஒரு நோய் வருத்தமும் இல்லை. ஆறாவது கம்பத்தில் என் நெஞ்சும் அடைத்தது. சிவனே, இது தொற்றுற வருத்தமோ?

இறங்கினேன். அப்போதுதான் புத்தி வேலை செய்தது. சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிச் சில்லைக் கையால் சுற்றிவிட்டேன். அரைவட்டம் சுற்றி, முனகிக்கொண்டு நின்றுவிட்டது. இன்னொரு தரம் சுற்றினேன். அதே அரைவட்டம். நடுப்பாலத்தில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன். பஸ்ஸில் போனவர்கள் இந்த முறை உண்மையாகவே இரக்கப்பட்டிருப்பார்கள்.

பிறகு அதையே மிதித்தேன் பாருங்கள், என் வாழ்நாளில் அப்படி மிதித்ததில்லை. மெசினாவது விரலாவது! ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளைக் காவலாளியிடம் தள்ளிவிட்டு உள்ளே ஓடினேன். அக்கா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். டொக்டர் ஈசீஜீத் தாளைப் பார்த்துக்கொண்டு, “அம்மா, உங்கடை நெஞ்சு நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா நம்பவில்லை. “நல்லாயிருந்தால் பிறகேன் அடைக்குது? எனக்கு மறைக்காதேங்கோ.”

“அக்கா,” என்றேன், மூச்சு விட முடியாமல். “வருத்தம் உங்களுக்கில்லை. சைக்கிளுக்கு!”

ஒருவருக்கும் விளங்கவில்லை. டொக்டர் விட்டதும் அக்காவைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனேன். அவரே பின்பக்கத்தைத் தூக்கி, அவரே சில்லைச் சுற்றினார். அரைவட்டம், முனகல், நிறுத்தம். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நான் சாகேல்லையோ?” என்றார்.

“இண்டைக்கில்லை” என்றாள் ஜெனீற்றா.

அக்கா அந்த ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை சனத்துக்கு நடுவில், சைக்கிள் சீற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சைக்கிள் திருத்தும் பாலசிங்கம் அண்ணை பின்சில்லைக் கழற்றிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அச்சு கழுத்தை நெரித்த மாதிரி இறுக்கியிருந்ததாம். கிறீஸ் காய்ந்து, அச்சைச் சுற்றி ஓடும் இரும்புக் குண்டுகளில் இரண்டு உடைந்து கிடந்தன. “உந்தச் சைக்கிளை மூண்டு கிழமை வாடைக்குள்ளை ஓடின ஆளுக்கு நெஞ்சு இரும்பு” என்றார். அந்தச் சொல்லை அக்கா கடையில், சந்தியில், குழுவில் எல்லாருக்கும் சொல்லி முடித்தார். கண்டபடி இறுக்கியிருந்த மற்ற ஆணிகளையும் பாலசிங்கம் அண்ணை தளர்த்திவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை சந்தியில் நிற்க, அக்காவுக்குப் பரிசிலிருந்து போன் வந்தது. அங்கே அந்நேரம் சாமம். ஜெனீற்றா மூலம் ஈசீஜீ எடுத்த கதை போயிருக்க வேண்டும்.

“ஓம் தம்பி, நெஞ்சு நல்லாயிருக்கு” என்றார் அக்கா. “ஸ்கூட்டி வேண்டாம். நீ வா, வந்து வடிவாச் சாப்பிட்டு நித்திரை கொள். ஆனால் ஸ்பனரைத் தொட்டியெண்டால் கை முறிப்பன்.”

போனை வைத்துவிட்டு ஏறி முன்னுக்குப் போனார். பத்தாவது கம்பம் வந்தது. அவர் விலகவில்லை. பதினைந்தாவதும் போனது. ஜெயரூபன் அண்ணை முறையைக் கேட்டுக் கத்தினார், அக்கா காதில் வாங்கவில்லை. நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு போனேன். முன்னால் மட்கார்ட் பழையபடி கடகடவென்று அடித்துக்கொண்டு போனது.