திங்கட்கிழமை விறைத்த செவலை

குதிரை பார்க்கிற வேலையில் ஒரு சங்கடம்: நோவு குதிரைக்கு, ஏச்சு நமக்கு. என்னைப் போல லாயத்தில் லத்தி அள்ளிய உங்களுக்கு இது தெரியாததில்லை. ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், செவலை என்கிற துரையின் பெண்குதிரையை நான் பதினோரு வருஷம் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கொள்ளு

அன்று ஓய்வுநாள். பாசத்தில் செவலைக்கு வயிறு முட்டக் கொள்ளு வைத்துவிட்டேன். திங்கள் காலை துரை ஏறி அரைக்கட்டை, அதாவது அரை மைல், போவதற்குள் நின்றுவிட்டது. பின்தொடை மரக்கட்டை மாதிரி, உடம்பெல்லாம் வேர்வை, மூத்திரம் கறுப்புக் கோப்பி நிறத்தில் போனது. நான் விஷம் வைத்தேன் என்று துரை தோட்டத்தைவிட்டே போகச் சொன்னார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற மருந்தையா சாமுவேல், இளவயதில் பட்டாளத்துக் குதிரைகளோடு இருந்தவர். தொடையை அழுத்திப் பார்த்து, சும்மா நின்று தின்றுவிட்டு திடீரென்று ஓடினால் தசை இப்படிக் கெடும், ஓர் அடிகூட நடத்தக் கூடாது என்றார். ரோட்டோரத்திலேயே கம்பளி போர்த்தித் தண்ணீர் காட்டிக்கொண்டு மூன்று நாள் கூடவே கிடந்தேன். நாலாம் நாள் அது தானாக நடந்தது. துரை வந்து பார்த்தார்.

“இனி ஞாயித்துக்கிழமை பாதிக் கொள்ளு. நீ போக வேணாம்.”

ஏற்றமும் இறக்கமும்

எப்படி நடந்தால் தசை நோகும் என்று சோதித்துப் பார்க்க மருந்தையாவுக்கு அதிலிருந்து ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. செவலை நன்றாகத் தேறியபின், மேல் பங்களாவுக்கு ஏற்றி அங்கேயே கட்டச் சொன்னார். மூச்சு வாங்கியதே தவிர மறுநாள் ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து அதே பாதையில் இறக்கினோம். மூச்சு இளைக்கவே இல்லை, ஆனால் மறுநாள் தோளில் கை வைத்தால் விலகி நின்றது. அவர் அதிசயப்பட்டு எழுதிக்கொண்டார். வீட்டில் வந்து சொன்னேன். என் சம்சாரம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கொழுந்துக் கூடையோட மலை இறங்குற எங்களைக் கேட்டிருந்தா நாங்க சொல்லியிருக்க மாட்டமா?”

கருப்பாயி

கருப்பாயி ஊரிலிருந்து புதிதாக வந்தவள். செங்குத்தான மலையில் இரண்டு நாள் கொழுந்தெடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு, தொடை நோவில் எழுந்து வர முடியவில்லை. பாசாங்கு, திருப்பி அனுப்பிவிடலாம் என்று கங்காணி துரையிடம் சொன்னார்.

அதற்குள் மருந்தையா செவலையை இரண்டாம் தடவையும் இறக்கிப் பார்த்திருந்தார். இந்த முறை நோவே இல்லை. துரையை லாயத்துக்கு அழைத்து வந்து, முதல் இறக்கத்தில்தான் தசை நோகும், பழகினால் நோகாது, கருப்பாயிக்கும் அதுதான் என்று சொன்னார். துரை தானே தோளைத் தடவிப் பார்த்தார். புது ஆட்களுக்கு முதல் பத்து நாள் சரிவு குறைந்த மலையில்தான் வேலை என்று அன்றே உத்தரவானது. கருப்பாயி தங்கிவிட்டாள். ஒருநாள் ஒரு பிடி புல்லோடு வந்து செவலையிடம் நீட்டினாள்.

“உனக்கு வலிச்சதாலதான் தாயி நான் பொழைச்சேன்.”

வாயுள்ள எங்களை வருஷக்கணக்காகக் கேட்காத துரை, வாயில்லாத ஜீவன் சொன்னதும் நம்பிவிட்டார்.