வெள்ளைச் சீருடையும் செம்மண்ணும்

எங்கள் பள்ளியில் சனிக்கிழமை வெள்ளைச் சீருடை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய் மண்ணும் பூச்சியும் காட்ட எனக்குக் கிடைப்பதும் அந்த அரை நாள்தான். கால அட்டவணை போட்ட புண்ணியவானுக்கு இது தோன்றவில்லை. மைசூர்ச் செம்மண் வெள்ளைத் துணியில் ஒட்டினால் லேசில் போகாது.

"உட்காராதீங்க, குனிஞ்சு பாருங்க" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போய்விட்டது. எறும்புப் புற்றைக் கண்ட பிள்ளை குனிந்தா பார்க்கும்? மண்டியிடும், அப்புறம் படுத்தே விடும். எல்லோரையும் சாலை கடக்கவைத்துத் திரும்பக் கூட்டிவருவதற்குள் என் முழங்கால் கெஞ்சும்.

ஒரு திங்கட்கிழமை, வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க்காரர், கார்மெண்ட்ஸில் வேலை. மகளின் சட்டையை என் முன் விரித்தார்.

"பாருங்க மிஸ். வாரத்துல ஒரு நாளு லீவு. அதுவும் இதைத் தேய்ச்சே போச்சுங்க."

கேட்டுக்கொண்டு நின்ற தலைமையாசிரியை, "இனி கிளாஸ்லயே படம் காட்டிடுங்க மிஸ்" என்றார். சரி என்று தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. பிள்ளைகளிடம் சொன்னபோது அந்தச் சிறுமி மட்டும், "அப்போ அந்த நண்டு, மிஸ்?" என்றாள். போன வாரம் வளைக்குள் ஒளிந்துகொண்ட நண்டு.

சனிக்கிழமை காலை புரொஜெக்டர் வயரைத் தூக்கிக்கொண்டு போனால், வகுப்பு முழுக்க அப்பாக்களின் பழைய சட்டைகள். வெள்ளைச் சீருடைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே தொங்க, கையை மடித்து மடித்துவிட்டு. அந்தச் சிறுமி போட்டிருந்தது சிமெண்ட் கறை படிந்த கோடு போட்ட சட்டை. அவள் அம்மா தலைமையாசிரியையிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா சட்டையை மேலே போட்டு அனுப்பும்படி வாட்ஸாப் குழுவில் எல்லா அம்மாக்களுக்கும் சொன்னது அவர்தானாம்.

"வெளுக்கறது கஷ்டம்னுதானுங்க சொன்னேன். கூட்டிப் போகாதீங்கன்னு எப்பச் சொன்னேன்? ஊட்ல நண்டு நண்டுன்னு ஒரே அழுகை."

தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றார். கைக்கு வந்த ஓய்வு போயிற்று. வயரை மேசையில் வைத்துவிட்டு, வலிக்கிற முழங்காலோடு நடந்தேன்.

ஏரிக்கரையில் வழக்கம்போல "உட்காராதீங்க" என்று வாயெடுத்தேன். அதற்குள் எல்லாரும் அப்பா சட்டையோடு மண்ணில் படுத்து வளைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் புடவையை வெளுக்கப்போவது நான்தானே.