காய்ந்த மேசை

தெல்லெர்வோ வார்டுக்குள் நுழைந்ததும் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. கட்டிலோர மேசையைத்தான் பார்ப்பாள். மேசை நனைந்திருந்தால் ஒரு தலையாட்டல். காய்ந்திருந்தால் அந்த ஆளுக்கு அன்றைக்கு ஏழரைதான்.

பின்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். வயது ஐம்பத்தெட்டு. கோட்டுப் பையில் எப்போதும் நாலைந்து ரப்பர் குழாய்த் துண்டுகள் கிடக்கும். பாட்டிலில் நெயில் பாலிஷால் கோடு கிழித்து, அதுவரை தண்ணீர் பிடித்து, குழாயைச் செருகிக் கையில் திணிப்பாள். ஆழமாக மூச்சை இழுத்து, குழாய் வழியே மெதுவாக ஊத வேண்டும். தண்ணீர் எதிர்த்துத் தள்ளுவதால், ஒட்டிக் கிடக்கும் நுரையீரல் அறைகள் மெல்லத் திறக்கும். மணிக்கு முப்பது ஊதல். ஒழுங்காக ஊதினால் மேசையெல்லாம் தண்ணீர் தெறிக்கும்.

பாட்டிலைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு ஒரே பதில்: "மாடியில பெரிய மெஷின் இருக்கு. அதுல மாட்டுனா பேசக்கூட முடியாது. எது வேணும்?"

டாக்டர்களையும் விடமாட்டாள். "படுத்திருக்கிற ஆளை நலம் விசாரிக்காதீங்க. எழுப்பி உக்கார வெச்சிட்டு விசாரிங்க" என்பாள். பாதிப் பேர் அவளைக் கண்டால் லிஃப்டை விட்டுப் படியில் இறங்குகிறார்கள்.

போன வாரம் பாக்கரினென் வந்தார். வயது எழுபத்தொன்று. வீட்டுச் சவுனாவின், அதாவது நீராவிக் குளியலறையின், கூரையில் பனி தள்ளப் போய் விழுந்து, நாலு விலா எலும்பு முறிந்திருந்தது. வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சுவிட்டதில், இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை எக்ஸ்ரேயிலும் இப்படியே இருந்தால் தொண்டை வழியாகக் குழாய் இறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை மேசை சருகாகக் காய்ந்திருந்தது.

"ஊதுனீங்களா பெரியவரே?"

"ஊதுனேன்."

"எதை? சூடா இருந்த சூப்பையா?"

பாக்கரினென் பக்கத்துக் கட்டிலை ஓரக்கண்ணால் பார்த்தார். அங்கே கால் கட்டுடன் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஆள் இருக்காரும்மா. கொளகொளன்னு சத்தம் கேக்குது, அசிங்கமா இருக்கு" என்றார் மெல்ல. வலி மாத்திரையும் வாங்கவில்லையாம். நர்ஸுக்கு நிறைய வேலை, அவளைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டாராம்.

பக்கத்துக் கட்டிலுக்கு இடைஞ்சல் என்றால் மூச்சையே நிறுத்திக்கொள்ளும் பின்லாந்து ஜாதி! தெல்லெர்வோவும் அதே ஜாதிதான். அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. பயம் வந்தால் அவளுக்கு வாய் நீளும்.

"சத்தமில்லாம செத்துப்போனா அவரு வந்து உங்களுக்கு மெடல் குத்துவாரா?"

நர்ஸைக் கூப்பிட்டு மாத்திரையை விழுங்க வைத்தாள். வலி அடங்கியதும் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, விலாவோடு ஒரு தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொன்னாள். அவருடைய காப்பிக் கோப்பையை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தாள். "மேசை நனையட்டும், அப்புறம் காப்பி."

பிறகு கால்கட்டுக்காரர் கையிலும் ஒரு பாட்டில்.

"எனக்குக் கால்லதானே அடி?"

"வாய் நல்லாத்தானே இருக்கு? ஊதுங்க."

மூன்றாவது பாட்டிலைத் தானே எடுத்துக்கொண்டாள். மூவரும் ஊதினார்கள். வராந்தாவில் போன இரண்டு நர்ஸுகள் நின்று எட்டிப்பார்த்தார்கள். பாக்கரினென் காதெல்லாம் சிவந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரேயில் அடிப்பகுதி முக்கால்வாசி விரிந்திருந்தது. குழாய் தேவையில்லை என்றார் டாக்டர். தெல்லெர்வோ வந்து மேசையைப் பார்த்தாள். ஒரே வெள்ளம், பக்கத்துக் கட்டில்காரரின் பேப்பர்கூட நனைந்திருந்தது.

கோட்டுக் கையால் மேசையில் ஒரு கோப்பை அளவுக்கு மட்டும் துடைத்து, அங்கே காப்பியை வைத்தாள்.